மணலைக் கயிறாகத் திரித்தவர்கள் உங்கள் அலமாரியில் இருக்கிறார்கள்... தெரியுமா?

சிங்கப்பூரின் கேலாங் வட்டாரத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றின் சமையலறை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து பாருங்கள். கண்ணாடி துடைக்கும் நீலத் திரவம், கரப்பான்பூச்சி ஸ்பிரே, மேசைக்குப் பளபளப்பு ஏற்றும் டப்பா, பாதி தீர்ந்த வாசனை ஸ்பிரே. அப்படியே குளியலறைக்கு நடந்தால் ஷாம்பு, ஹேர் சீரம், அக்குளுக்கு அடிக்கும் ஸ்பிரே.

‘இதில் என்ன பெரிய அதிசயம்? அழுத்தினால் புஸ்ஸென்று வரும்’ என்கிறீர்களா? அந்தப் ‘புஸ்’ஸுக்குள் ஒரு தொண்டை வைத்தியர் இருக்கிறார். உலகப் போர் இருக்கிறது. நம் வீட்டு நல்லெண்ணெய்கூட இருக்கிறது! மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், கிளம்பலாம்.

1. கேலாங்கின் பெயரிலேயே ஸ்பிரே வாசனை அடிக்கிறது, தெரியுமா?

‘கிலாங்’ என்றால் மலாயில் ஆலை. இந்தப் பக்கம் ஒரு காலத்தில் தென்னந்தோப்புகளும் தேங்காய் ஆலைகளுமாக இருந்தன. அந்தக் கிலாங்தான் மருவி ‘கேலாங்’ ஆனது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சரி, கேலாங் சிராய்? ‘செராய்’ என்றால் எலுமிச்சம்புல்! 19-ஆம் நூற்றாண்டில் இங்கே அல்சாகோஃப் என்ற அரபுக் குடும்பத்துக்குப் ‘பெர்சிவரன்ஸ் எஸ்டேட்’ என்ற பெரிய தோட்டம் இருந்தது. புல்லை வளர்த்து, அதிலிருந்து வாசனை எண்ணெய் எடுத்தார்கள். சோப்பு, வாசனைத் திரவியம், பூச்சிவிரட்டி என எல்லாவற்றுக்கும் கேட்டு வாங்கப்பட்ட சரக்கு அது. இலங்கையின் தென்கரையில் விளைந்த சிட்ரோனெல்லாவும் இந்தப் புல்லுக்குப் பங்காளிதான்.

இன்று கேலாங் சிராய் சந்தையில் இறைச்சிக் குழம்புக்கு ஒரு கட்டுச் செராய் வாங்கிவிட்டு, கையோடு ‘லெமன்கிராஸ்’ மணம் என்று எழுதிய தரை துடைக்கும் மருந்தையும் தூக்கி வருகிறோம். ஊர்ப் பெயரையே புட்டியில் அடைத்து நமக்கு விற்கிறார்கள்!

2. நம் கல்யாண வாசலில் நிற்பதும் ஸ்பிரேதான், தெரியுமா?

நீண்ட கழுத்து, கூம்பிய தலை, தலையில் ஊசித் துளைகள். பன்னீர்ச் செம்பு! குலுக்கினால் துளை வழியே தூறும். வால்வு இல்லை, ஸ்பிரிங் இல்லை. மணிக்கட்டுதான் பம்பு.

இன்னொன்றும் நம்மிடம் இருந்தது. ஊரில் இஸ்திரி போடுபவர் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, உதட்டைக் குவித்துத் துணிமேல் ‘ப்பூ’ என்று ஊதுவாரே, நினைவிருக்கிறதா? சொட்டு விழாது, பனிபோலப் படியும். கன்னம்தான் அழுத்தக் கலன், உதடுதான் முனைத்துளை.

சிங்கப்பூரில் ‘தோபி காட்’ என்ற பெயரே நம் சலவைத் தொழிலாளர்கள் தந்தது. அந்தத் தோபி காட் பக்கம் ஆர்ச்சர்ட் ரோட்டில் இருந்த ஸ்ரீ சிவன் கோயில், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்காக இடம் பெயர்ந்து, கடைசியில் வந்து சேர்ந்தது எங்கே தெரியுமா? நம் கேலாங் ஈஸ்டுக்கு! 1993-இல் குடமுழுக்கு நடந்தது.

3. செண்ட் அடிக்கும் புட்டி தொண்டைப் புண்ணுக்காகப் பிறந்தது, தெரியுமா?

அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர். நோயாளியின் தொண்டையில் பஞ்சால் மருந்து தடவுவார்கள், நோயாளி குமட்டுவார். ‘பஞ்சு வேண்டாம், மருந்தைப் புகைபோல ஊதினால் என்ன?’ என்று அவர் 1880-களின் இறுதியில் செய்ததுதான் ரப்பர் குமிழ் வைத்த ஊதுபுட்டி. பிறகு அவர் மகன் தாமஸ் அதே வித்தையை வாசனைப் புட்டிக்குக் கொண்டுவந்தார். வாயைப் பிளந்து வாங்கிய மருந்து, கழுத்தைச் சாய்த்து வாங்கும் செண்டாகிவிட்டது!

சூட்சுமம் என்ன? ஒரு குழாயின் வாய்க்கு மேலே காற்று வேகமாக ஓடினால் அங்கே அழுத்தம் குறையும். கீழே இருக்கும் திரவம் தானாக மேலேறி வந்து, காற்றில் சிக்கிச் சிதறும். நம் பாட்டிமார் காலத்து மூட்டைப்பூச்சி பம்பு, அதாவது சைக்கிள் பம்புபோல நீளமாக, முனையில் தகர டப்பா தொங்குமே, அதுவும் இதே வித்தைதான். அந்தப் பம்பைப் பிரபலமாக்கிய அமெரிக்கப் பூச்சிமருந்து ‘ஃபிளிட்’. அதற்கு ஆண்டுக்கணக்காக விளம்பரக் கேலிச்சித்திரம் வரைந்தவர் யார் தெரியுமா? பிற்பாடு குழந்தைகள் புத்தகங்களால் உலகப் புகழ் பெற்ற டாக்டர் சூஸ்!

4. கண்ணாடி துடைக்கும் புட்டியின் தலைக்குள் ஓர் இதயம் துடிக்கிறது, தெரியுமா?

வீட்டில் பழுதான ஸ்பிரே தலை ஒன்றைத் தூக்கி எறியாமல், செய்தித்தாளை விரித்து அதன்மேல் பிரித்துப் போட்டேன். பதினொரு துண்டுகள்! உள்ளே சுண்டுவிரல் நுனி அளவில் ஓர் உருளை. அதில் முன்னும் பின்னும் நகரும் பிஸ்டன். அதைத் திருப்பித் தள்ள ஒரு ஸ்பிரிங். மிளகு அளவில் ஒரு குண்டு.

விசையை இழுத்தால் பிஸ்டன் திரவத்தை முன்னே தள்ளும். குண்டு கீழ்வழியை அடைத்துக்கொள்ளும். விட்டால் ஸ்பிரிங் பிஸ்டனைப் பின்னே இழுக்கும். குண்டு மேலெழும்பிப் புட்டியிலிருந்து புதுத் திரவத்தை உள்ளே விடும். போவதற்கு ஒரு கதவு, வருவதற்கு ஒரு கதவு. நம் இதயத்தின் வால்வுகள் செய்யும் அதே வேலை! புதுப் புட்டியை முதல் முறை அழுத்தும்போது வெறும் காற்றுதான் வருவது ஏன்? உருளைக்குள் இருக்கும் காற்றை முதலில் விரட்ட வேண்டுமே.

முனையில் திருகுமூடியைக் கழற்றிப் பார்த்தேன். அடேயப்பா! உள்ளே ஒரு குட்டிச் சுழல்வட்டம். திரவம் ஓரத்து வாய்க்கால்கள் வழியே பாய்ந்து, சுழன்று, நடுத்துளை வழியே வெளியேறும்போது குடைபோல விரிகிறது. மூடியைத் திருகினால் ஸ்பிரே நீள்கோடாக மாறுகிறதே, அப்போது திரவம் அந்தச் சுழல்வட்டத்தைச் சுற்றாமல் நேரே வருகிறது. அவ்வளவுதான் ரகசியம்.

சின்னச் சிக்கலும் உண்டு. பிளாஸ்டிக் உடலுக்குள் உலோக ஸ்பிரிங் இருந்தால் மறுசுழற்சிக்குப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. அதனால்தான் முழுக்கப் பிளாஸ்டிக்கிலேயே ஸ்பிரிங் செய்யும் புது வடிவங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

5. ஒரு மில்லிலிட்டருக்குள் ஒன்றரைக் கோடித் துளிகள், தெரியுமா?

‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பார்கள். ஸ்பிரே அதைத் தலைகீழாக்குகிறது. பெருந்துளியைச் சிறுதுளியாக்கு, வெள்ளம் தானாக வரும்!

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை 50 மைக்ரான் விட்டமுள்ள துளிகளாக உடைத்தால் சுமார் ஒன்றரைக் கோடித் துளிகள் கிடைக்கும்; ஒவ்வொன்றும் சராசரித் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது. ஒரே உருண்டையாக இருந்தபோது அதன் மேற்பரப்பு 5 சதுர சென்டிமீட்டருக்கும் குறைவு. உடைத்த பிறகு 1,200 சதுர சென்டிமீட்டர்! அதாவது கிட்டத்தட்ட இரண்டு ஏ4 தாள். தண்ணீர் கூடவில்லை. பரப்பு மட்டும் ஏறத்தாழ 250 மடங்கு!

6. ஏரோசால் டப்பாவின் தாய்நாடு பனிதேசம், தெரியுமா?

திரும்பத் திரும்பப் பம்பு அடிக்காமல், ஒரே அழுத்தில் தானாகச் சீறும் டப்பாவைச் சிந்தித்தவர் எரிக் ரோத்தைம், நார்வே நாட்டுப் பொறியாளர். 1920-களின் பிற்பகுதியில் காப்புரிமை எடுத்தார். அழுத்தத்தில் திரவமாக இருக்கும் வாயுவைச் சரக்கோடு சேர்த்து அடைத்து, வால்வைத் திறந்தால் வாயு விரிந்து சரக்கைத் தள்ளிக்கொண்டு வரும். ஆனால் அவர் காலத்தில் டப்பா கனம், விலை அதிகம். பணம் பெரிதாகப் பார்க்கவில்லை. நார்வே பின்னாளில் இந்தக் கண்டுபிடிப்புக்குத் தபால்தலை போட்டது.

7. முதல் ‘கொசு குண்டில்’ நல்லெண்ணெய் இருந்தது, தெரியுமா?

இதுதான் என்னை நாற்காலியிலிருந்து எழவைத்த செய்தி!

இரண்டாம் உலகப் போர். பசிபிக் தீவுகளிலும் தென்கிழக்காசியக் காடுகளிலும் குண்டுக்குத் தப்பிய வீரன் மலேரியாவுக்கு மடிந்தான். அமெரிக்க வேளாண்துறையின் லைல் குட்ஹியூ, வில்லியம் சல்லிவன் இருவரும் கையடக்கமான பூச்சிமருந்துக் கலனைத் தேடினார்கள். 1941, ஈஸ்டர் ஞாயிறு. ஊரெல்லாம் தேவாலயத்தில், குட்ஹியூ ஆய்வகத்தில், கரப்பான்பூச்சிகளோடு! முதல் சீறல். கரப்பான்கள் மல்லாந்தன. 1943-இல் காப்புரிமை கிடைத்தது.

அந்தக் கலனுக்குள் என்ன தெரியுமா? பைரித்ரம், அதாவது சாமந்திக் குடும்பத்துப் பூ ஒன்றிலிருந்து எடுத்த சாறு. அதைத் தள்ள, அந்நாளில் குளிர்சாதனப் பெட்டியில் ஓடிய ஃப்ரியான் வாயு. கூடவே எள்ளெண்ணெய்! எள்ளில் இருக்கும் சில பொருள்கள், பைரித்ரத்தின் நஞ்சைப் பூச்சியின் உடல் முறியடிக்க விடாமல் தடுக்கின்றன. சாமந்திப் பூ, நல்லெண்ணெய் என்று பூசைத் தட்டில் வைக்கும் சாமான்களை வைத்து மலேரியாவோடு போர் புரிந்திருக்கிறார்கள்! கோடிக்கணக்கில் செய்து களத்துக்கு அனுப்பினார்கள்.

கேலாங்வாசிகளுக்கு இது பழங்கதை அல்ல. 2020-இல் சிங்கப்பூரில் 35,000-க்கும் மேற்பட்டோருக்கு டெங்கி. இங்கே ஒரு புளோக்கில் டெங்கி எச்சரிக்கையாகச் சிவப்புப் பதாகை தொங்கினால், தேசிய சுற்றுப்புற வாரியம் சொல்லும் மூன்று அறிவுரைகளில் முதலாவதே ‘வீட்டின் இருண்ட மூலைகளில் பூச்சிமருந்து ஸ்பிரே அடியுங்கள்’ என்பதுதான். மற்ற இரண்டு: கொசுவிரட்டி பூசுங்கள், கைகால் மூடும் உடை அணியுங்கள். அறை நடுவில் நின்று காற்றில் சும்மா அடிப்பவர்கள் கவனிக்க: ஏடிஸ் கொசு ஓய்வெடுப்பது கட்டிலுக்கு அடியிலும் அலமாரி இடுக்கிலும்தான்!

8. டப்பாவின் அடிப்பாகம் உள்வாங்கியிருப்பது சிக்கனத்துக்கு அல்ல, தெரியுமா?

எந்த ஏரோசால் டப்பாவையும் கவிழ்த்துப் பாருங்கள், அடி உட்குழிந்திருக்கும். தட்டையாக இருந்தால் உள்ளழுத்தம் அதை வெளியே பிதுக்கிவிடும். உட்குழிந்த வளைவோ தாங்கி நிற்கும்.

இன்னொரு மாயம்: டப்பா நிறைந்திருந்தாலும் கால்வாசிதான் இருந்தாலும் சீற்றம் ஏறத்தாழ ஒன்றுதான். எப்படி? தள்ளும் வாயு உள்ளே திரவமாக இருக்கிறது. கொஞ்சம் வெளியேறினால், திரவத்திலிருந்து கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடும். ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் தொடர்ந்து அடித்தால் டப்பா கையில் சில்லிடுகிறது.

போர் முடிந்ததும் இதை மலிவாக்கியவர் ராபர்ட் ஆப்லனால்ப். 1949-இல் அவர் செய்த சின்னஞ்சிறு வால்வுதான் கனமான போர்க்கலனை எடை குறைந்த மளிகைச் சரக்காக்கியது.

இன்று பெரும்பாலான வீட்டு ஸ்பிரேக்களைத் தள்ளுவது எது? பியூட்டேனும் புரொபேனும். அடுப்பெரிக்கும் கேஸ்! சாமி விளக்குப் பக்கத்தில் கொசு ஸ்பிரே அடிப்பவர்கள் ஒரு நிமிடம் யோசிக்கவும்.

9. ஃப்ரியானை வீழ்த்தியது இரண்டு பேரின் காகிதக் கணக்கு, தெரியுமா?

அப்படியானால் ஃப்ரியான் எங்கே போனது? 1974-இல் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் இருவரும் ஒரு கணக்கைப் போட்டார்கள். ஸ்பிரேயிலிருந்து கிளம்பும் அந்த வாயு அழியாமல் மேலேறி, ஓசோன் படலத்தை அரிக்கும் என்றார்கள். தொழில்துறை சீறியது. ஆனால் கணக்கு சரி! 1987-இல் மான்ட்ரியல் உடன்பாடு. 1989-இல் சிங்கப்பூரும் சேர்ந்தது. 1995-இல் இருவருக்கும், பால் குருட்சனோடு சேர்த்து, நோபல் பரிசு. அக்குளுக்கு அடிக்கும் ஸ்பிரே வானத்தில் ஓட்டை போடும் என்று அதற்குமுன் யார் நினைத்தார்கள்?

10. ஆஸ்துமா பம்புக்கு விதை போட்டது 13 வயதுச் சிறுமி, தெரியுமா?

1955. அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மேசன். அவருடைய 13 வயது மகளுக்கு ஆஸ்துமா. எளிதில் உடையும் கண்ணாடி ஊதுகருவியோடு மல்லாடிக்கொண்டிருந்தவள் அப்பாவிடம் கேட்டாள்: முடிக்கு அடிக்கும் ஸ்பிரே டப்பாவில் வருகிறதே, என் மருந்து ஏன் அப்படி வரக்கூடாது? அடுத்த ஆண்டே, 1956-இல், அளந்து சீறும் முதல் ஆஸ்துமா பம்பு விற்பனைக்கு வந்தது! புகைமூட்டக் காலத்தில் சிங்கப்பூரில் எத்தனை பைகளுக்குள் அந்தக் கேள்வியின் பதில் கிடக்கிறது!

11. ஸ்பிரே பெயிண்டு ஒரு மனைவியின் யோசனை, தெரியுமா?

1949. எட் சீமோர் என்ற அமெரிக்கர் அலுமினிய நிறப் பெயிண்டு ஒன்றைச் செய்து, எப்படி விளம்பரப்படுத்துவது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். மனைவி பானி சொன்னார்: டப்பாவில் அடைத்து ஸ்பிரேயாக அடித்துக் காட்டுங்களேன். பெயிண்டைவிட டப்பா பிய்த்துக்கொண்டு விற்றது!

டப்பாவைக் குலுக்கினால் ‘கடகட’ என்கிறதே, அது உள்ளே கிடக்கும் ஒரு குண்டு. அடியில் உறைந்த நிறமியைக் கலக்கிவிடும் மத்து அது. ஆனால் சிங்கப்பூரில் அந்த டப்பாவைச் சுவர் பக்கம் திருப்புமுன் யோசியுங்கள். 1966-ஆம் ஆண்டின் நாசவேலைச் சட்டத்தில் பிரம்படி உண்டு. 1994-இல் கார்கள்மேல் பெயிண்டு அடித்த அமெரிக்க இளைஞர் ஒருவருக்கு ஆறு பிரம்படி விதித்து, அமெரிக்க அதிபர் கிளிண்டன் முறையிட்ட பிறகு நான்காகக் குறைத்தார்கள்.

12. மணலைக் கயிறாகத் திரிக்க முடியும், தெரியுமா?

இதுவரை பார்த்தது துளியின் கதை. இனி படலத்தின் கதை, அதாவது பளபளப்பு ஸ்பிரே, ஷாம்பு, சீரம் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் சிலிகோனின் கதை!

‘சிலிகோன் மணலிலிருந்து வருகிறது, சங்கிலி சங்கிலியாகக் கோத்துச் செய்கிறார்கள்’ என்று அம்மாவிடம் சொன்னேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “ஏண்டா, மணலைக் கயிறாத் திரிக்கிறவன்னு ஊர்ல ஏமாத்துக்காரனைத்தானே சொல்வாங்க?” என்றார். ஆமாம்மா! ஆனால் வேதியியலார் நிஜமாகவே திரித்துவிட்டார்கள்.

மணல் என்பது சிலிக்கானும் ஆக்சிஜனும். அதைக் கரியோடு சேர்த்து உலையில் சுட்டால் ஆக்சிஜன் கழன்று சிலிக்கான் மிஞ்சும். பிறகு அதைப் பக்குவப்படுத்தி, சிலிக்கான்-ஆக்சிஜன்-சிலிக்கான்-ஆக்சிஜன் என்று சரம் கோத்து, ஒவ்வொரு சிலிக்கானுக்கும் இருபுறமும் கரிமக் குஞ்சங்கள் கட்டினால், அதுதான் சிலிகோன். சரம் குட்டையாக இருந்தால் ஆவியாகும் திரவம். நீண்டால் எண்ணெய். இன்னும் நீண்டால் பசை. குறுக்கே முடிச்சுப் போட்டால் ரப்பர்! ஒரே மணல், எத்தனை அவதாரம்! சிலிக்கான் வேறு, சிலிகோன் வேறு: முன்னது கைப்பேசிச் சில்லில், பின்னது உங்கள் ஷாம்பு புட்டியில்.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஃபிரெடரிக் கிப்பிங் ஏறத்தாழ 40 ஆண்டுகள் இந்தச் சேர்மங்களோடு மல்லுக்கட்டினார். ‘சிலிகோன்’ என்ற பெயரே அவர் வைத்ததுதான். அவருக்கு வேண்டியது சுத்தமான படிகங்கள். கிடைத்ததோ பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பு. 1930-களில், இந்தத் துறைக்குப் பெரிய எதிர்காலம் தெரியவில்லை என்று பேசினார். சில ஆண்டுகளிலேயே அந்தப் பிசுபிசுப்புதான் பெரும் தொழிலானது!

13. அந்தக் கயிறு போர்விமானத்தில் ஏறி, நிலாவிலும் கால் பதித்தது, தெரியுமா?

1940 மே மாதம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் யூஜின் ராக்கோ, தாமிரம் கலந்த சூடான சிலிக்கான்மேல் மெத்தில் குளோரைடு வாயுவைச் செலுத்தி, மலிவாகச் சிலிகோன் மூலப்பொருள் செய்யும் வழியைக் கண்டார். ஏறக்குறைய அதே நேரத்தில், போரின் எதிர்ப்பக்கத்து ஜெர்மனியில், ரிச்சர்ட் முல்லரும் தனியாக அதையே கண்டுபிடித்தார். இன்றும் அந்த முறைக்கு இருவர் பெயரும்தான்!

1943-இல் டவ் கார்னிங் நிறுவனம் பிறந்தது. உயரத்தில் பறக்கும் போர்விமானங்களின் மின்பொறி இணைப்புகளில் ஈரம் புகாமல் அடைத்தது அவர்களுடைய சிலிகோன் பசை. அதே ஆண்டு ஜேம்ஸ் ரைட் என்பவர் சிலிகோன் எண்ணெயோடு போரிக் அமிலத்தைச் சேர்க்க, எறிந்தால் துள்ளி, இழுத்தால் நீண்டு, வைத்தால் வழியும் விநோதக் களி வந்தது. அதுதான் ‘சில்லி புட்டி’ பொம்மை! 1969-இல் நிலாமண்ணில் பதிந்த அந்தப் புகழ்பெற்ற காலடித் தடம்? காலணியின் அடி சிலிகோன் ரப்பர்!

14. ஷாம்புவில் இருக்கும் எண்ணெய் அலசும்போதுதான் விழித்துக்கொள்கிறது, தெரியுமா?

சீயக்காய் எண்ணெயை எடுக்கும்; எண்ணெய் சிக்கை எடுக்கும். இரண்டையும் ஒரே புட்டியில் அடைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் அல்லவா? 1987-இல் ‘பெர்ட் பிளஸ்’ என்ற ஷாம்புவில் பி அண்ட் ஜி நிறுவனம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஆசியாவில் அந்த வித்தை ‘ரிஜாய்ஸ்’ என்ற பெயரில் வந்தது. தேக்கா கடைகளில் பார்த்திருப்பீர்கள்.

டைமெத்திக்கோன் என்ற சிலிகோனைக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக்கி ஷாம்புவுக்குள் மிதக்கவிட்டார்கள். நுரைக்கும்வரை துளிகள் சும்மா இருக்கும். தண்ணீர் ஊற்றி அலசியதும் ஷாம்பு நீர்த்துப்போகும். துளிகள் தாங்கல் இழந்து முடியில் படியும். அழுக்கு போன பிறகுதான் மினுமினுப்பு வரும், அதுவும் மிக மெல்லிய படலமாக!

இதே நிறுவனம் 2014-இல் சிங்கப்பூர் பயோபொலிஸில் 25 கோடி வெள்ளிச் செலவில் ஆய்வு மையம் திறந்தது. கேலாங்கிலிருந்து எம்ஆர்டியில் ஏறினால் எட்டும் தூரத்தில்தான் ஆசியக் கூந்தலை ஆராய்கிறார்கள்.

15. சீரம் தடவிய கை பிசுபிசுக்காமல் போவது ஏன், தெரியுமா?

அதில் பெரும்பாலும் இருப்பது கயிறு அல்ல, மோதிரம்! ஐந்து சிலிக்கான் அணுக்கள் வட்டமாகக் கைகோத்த ‘டி5’ என்ற சிலிகோன். வழவழவென்று பரவும், பிறகு சத்தமில்லாமல் ஆவியாகும். சாராயம்போலச் சில்லென்றும் இருக்காது. அதனால்தான் சீரமும் வியர்வைத் தடுப்பானும் ‘காய்ந்த’ உணர்வு தருகின்றன.

ஆனால் இந்த மோதிரங்கள் சுற்றுச்சூழலில் எளிதில் சிதைவதில்லை. எனவே கழுவி விடும் பொருள்களில் டி4, டி5 இரண்டுக்கும் 0.1 விழுக்காடு வரம்பை 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்தது. வாங்கும்போது புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, ‘சைக்ளோ’ என்று தொடங்கும் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

16. பொரிக்கும் எண்ணெய்க்கும் பொருமும் வயிற்றுக்கும் ஒரே மருந்து, தெரியுமா?

அதே டைமெத்திக்கோன்தான்! பொரிக்கும் எண்ணெய் நுரைத்துப் பொங்காமலிருக்கத் துளியூண்டு சேர்ப்பதுண்டு. லேபிளில் ‘இ-900’ என்று இருக்கும். வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். நுரைக் குமிழியின் தோலில் ஏறிப் பரவி, அதை மெலியவைத்து உடைத்துவிடும்.

கேலாங்கில் இரவு பத்து மணிக்குத் தட்டு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வயிறு பொருமி மருந்துக்கடைக்கு ஓடுகிறீர்கள். அங்கே தரும் வாய்வு மாத்திரையில் சிமெத்திக்கோன்: டைமெத்திக்கோனோடு கொஞ்சம் சிலிக்கா, அதாவது மணலின் தம்பி. வயிற்றிலும் அதே வேலை, குமிழியை உடைப்பது. உடலுக்குள் உறிஞ்சப்படாமல் வந்த வழியே போய்விடும்.

17. பேனைக் கொல்வதும் கண்ணைக் காப்பதும் அதே எண்ணெய், தெரியுமா?

டைமெத்திக்கோன் கலந்த பேன் மருந்தில் பூச்சிக்கொல்லி நஞ்சு இல்லை. பேனின் மூச்சுத் துளைகளை மூடிப் போர்த்திவிடும். உள்ளே சேரும் நீரை வெளியேற்ற வழியில்லாமல் பேன் மாயும்.

இப்போது மதுரைக்கு வாருங்கள்! அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தின் ஆரோலேப் 1992-இல் தொடங்கியது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாக்கி உலகுக்கு அனுப்பியது. விழித்திரை பிய்ந்துபோனவர்களுக்கு அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் நிரப்பி, திரையை இடத்தில் அழுத்திப் பிடிக்கும் சிலிகோன் எண்ணெயும் அங்கே தயாராகிறது. ஷாம்பு எண்ணெயின் மிகமிகத் தூய்மையான உடன்பிறப்பு அது. கண்ணில் மண்ணைத் தூவாதே என்போம். மண்ணில் பிறந்த எண்ணெய் கண்ணைக் காப்பாற்றுகிறது!

18. பட் பட்டென்று இன்னும் நான்கு!

கார் பெயிண்டு அடிப்பவரிடம் சிலிகோன் ஸ்பிரேயை நீட்டாதீர்கள், முறைப்பார்! டேஷ்போர்டில் அடித்தது தவறிப்போய்க் காரின் உடலில் ஒரு பொட்டு பட்டாலும், புதுப் பெயிண்டு அந்த இடத்தில் ஒட்டாமல் வட்டக் குழியாக விலகும். பட்டறையில் அதற்குப் பெயர் ‘ஃபிஷ் ஐ’.

ஹார்டுவேர் கடை நீல-மஞ்சள் டப்பா டபிள்யூடி-40-இல் ‘40’ ஏன்? 1953-இல் ராக்கெட்டில் துரு ஏறாமலிருக்க நீரை விரட்டும் கலவை தேடினார்கள். நாற்பதாவது முயற்சியில் கிடைத்தது!

மர மேசையில் சிலிகோன் பளபளப்பு ஸ்பிரே அடிக்கும்போது தரையில் சிதறினால் உடனே துடையுங்கள். தேய்மானம் குறைவது அதன் குணம். வழுக்கி விழுவது நம் விதியாகக் கூடாது.

சிம்ஸ் அவென்யூ டுரியான் பிளந்த கையோடு சோபாவில் உட்கார்ந்துவிட்டீர்களா? நாற்றம் போக்கும் துணி ஸ்பிரேக்கள் சிலவற்றில் மாவுச்சத்திலிருந்து செய்த சைக்ளோடெக்ஸ்ட்ரின் இருக்கும். சர்க்கரைகள் வளையமாகக் கோத்த, நடுவே குழிந்த மூலக்கூறு. வாசனை அந்தக் குழிக்குள் விழுந்து சிறைப்படும். டுரியானுக்கு ஈடுகொடுக்குமா? அது டுரியானைப் பொறுத்தது!

பன்னீர்ச் செம்பைத் தந்தவர்கள் கணக்கு எதுவும் போடவில்லை. ஆனால் ஒரு குவளைப் பன்னீரில் ஊர் முழுவதையும் வரவேற்கத் தெரிந்திருந்தது. ஆலன் டிவில்பிஸ் முதல் ஷாம்பு ஆய்வகம் வரை அத்தனை பேரும் துரத்தியதும் அதையேதான்: கொஞ்சத்தை உடை, மெலிதாய்ப் பரப்பு, எல்லோருக்கும் போதும்.

அடுத்த முகூர்த்தத்தில் கேலாங் ஈஸ்ட் பக்கம் ஏதாவது கல்யாணத்துக்குப் போனால், வாசலில் நிற்கும் சிறுமி செம்பைக் குலுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். கன்னத்தில் விழும் அந்தத் தூறலில் எத்தனை துளி என்று எண்ணிப் பாருங்கள். முடியாது!